ஏழாம் வகுப்பு அட்டை

"நீ எத்தனாவது படிக்கிறே?" என்று போன வருஷம் விடுதிக்கு வந்த அந்த அம்மா கேட்டபோது, அதிகம் பேசாததால் ஊரே ஊமைச்சி என்று கூப்பிடும் அவள் யோசிக்காமல் "ஏழு" என்றாள். அன்றைக்கு அது உண்மைதான். அந்த அம்மா அவள் கன்னத்தைத் தட்டி, அடுத்த தடவை ஜாமெட்ரி பெட்டி வாங்கி வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அருவி பார்க்க வருகிறவர்கள் தங்கும் விடுதி அது. வரவேற்பறைச் சுவரில் ஊர்ப்பிள்ளைகளின் படங்கள், ஒவ்வொன்றின் கீழும் வகுப்பு எழுதிய அட்டை. வீட்டுக்கு ஒரு பிள்ளை. வருகிறவர்கள் ஒரு படத்தைக் காட்டினால், அந்தப் பிள்ளையின் படிப்புச் செலவு அவர்கள் பொறுப்பு. அந்த அம்மா காட்டியது ஊமைச்சியின் படத்தை.

அடுத்த மாதமே ஊமைச்சியின் அம்மா இடுப்பு விழுந்து படுத்தாள். விடுதிக்கு அவள் துவைத்துவந்த படுக்கை விரிப்புகள் மகள் தலையில் விழுந்தன. படம் மட்டும் சுவரிலேயே இருந்தது.

"அந்தம்மா பணம் வரட்டும். பேரு உன்னோடது, படிப்பு உன் தங்கச்சியோடது. வெளிய மூச்சு விடாதே" என்றாள் விடுதிக்கார அக்கா.

தங்கை வாயாடி பள்ளிக்கூடம் போனாள். வருஷம் திரும்பியதும் பள்ளியிலிருந்து வந்த பட்டியலைப் பார்த்து அட்டைகளை மாற்றினார்கள். பட்டியலில் இல்லாதவளின் அட்டை யார் கண்ணிலும் படவில்லை. தினமும் தூசி தட்டும் ஊமைச்சிக்கு அது தெரியும். எட்டு என்று தானே எழுதி ஒட்டிவிடலாம். கை வரவில்லை.

இன்று சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றார் அந்த அம்மா. விரிப்பு மூட்டையோடு வந்த ஊமைச்சி கதவோரம் ஒதுங்கினாள்.

"எல்லாப் பிள்ளையும் ஒரு படி ஏறியிருக்கு. இவ மட்டும் ஏன் ஏழுலயே நிக்கிறா?"

"அதை ஏன் கேக்குறீங்க, பெயிலும்மா. மண்டையில களிமண்ணு" என்றாள் விடுதிக்கார அக்கா.

"களிமண்ணுன்னா பானையாவது செய்யலாமேக்கா!" என்று உள்ளிருந்து சமையல்காரர் சிரித்தார்.

அந்த அம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. "ஆசைப்பட்டு வாங்கிட்டு வந்தேன்" என்று கைப்பையிலிருந்து பெட்டியைப் பாதி எடுத்தவர் நிறுத்தினார். "படிக்கிற பிள்ளையா வேற ஒண்ணு காட்டுங்க." அவர் விரல் பக்கத்துப் படத்துக்கு நகர்ந்தது.

வாயாடியின் பரீட்சைக்குப் பணம் கட்ட இன்னும் பத்து நாள்தான் இருந்தது.

"நான் பெயிலாகலம்மா."

அக்காவின் கண் தீயாய்ச் சுட்டது. ஊமைச்சி நிறுத்தவில்லை.

"பள்ளிக்கூடத்தையே விட்டுட்டேன். இங்க துணி துவைக்கிறேன். உங்க தயவுல படிக்கிறது என் தங்கச்சி. வகுப்புல அவதான் முதல். எம்மேல கோவப்பட்டுக்கோங்க, அவளை நிறுத்திடாதீங்க."

அந்த அம்மா மூட்டையைப் பார்த்தார். தண்ணீரில் ஊறி வெளுத்து, சுருங்கிப்போன விரல்களைப் பார்த்தார். பிறகு அக்காவைப் பார்த்தார்.

"அம்மா... ஒரு தடவை அவளை வந்து பாருங்களேன்" என்றாள் ஊமைச்சி.

அவர் பெட்டியைப் பைக்குள் தள்ளி மூடினார். பள்ளிக்கூடம் இருந்த பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் படியிறங்கிப் போனார்.