மஹ்பூபா வளைத்துப் பார்க்காத அம்பு

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இது நான் உட்கார்ந்து யோசித்துப் பிடித்த கதை இல்லை. பினாங்கில் டத்தோ கிராமாட் பக்கம் ஒரு திடலில், ஞாயிறு காலைகளில் பழைய பாணி வில்லும் மர அம்புமாகப் பழகும் கூட்டம் ஒன்று இருக்கிறது. அதில் நானும் உண்டு, குறி தவறுவதில் முதல் ஆளாக. ஒருநாள் யாரோ கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினார்கள். அம்பு கிளம்புவதை மிக மிக மெதுவாக்கிய படம்.

அம்பு நேராகப் போகும் என்றுதான் நாற்பத்தெட்டு வருஷமாக நினைத்திருந்தேன். போகவில்லை. விலாங்கு மீனைப் போல நெளிந்து, வில்லின் இடுப்பைச் சுற்றி ஒரு பக்கம் வளைந்து, பிறகு மறுபக்கம் வளைந்து, அப்புறம்தான் நிமிர்ந்தது. மரம்! காய்ந்த மரம்! ஏழெட்டுத் தடவை ஓட்டிப் பார்த்தேன். கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது. ஒவ்வொரு முறையும் அது உடைகிற எல்லை வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வருகிறது. அது நம் கண்ணுக்குத் தெரிவதே இல்லை.

இதைப் பற்றி எழுதியே தீர வேண்டும் என்று அன்றைக்கே ஆரம்பித்தேன்.

2

முதல் ஆரம்பம்: "முன்னொரு காலத்தில் கடாரத்துக் கரையில் வில்லேந்திய வீரர்கள்"

(அடித்துவிட்டேன். விட்டால் பின்னாலேயே யானையும் வந்துவிடும்.)

இரண்டாவது ஆரம்பம்: "அம்பு என்பது மூன்று பாகங்களைக் கொண்ட"

(பரீட்சைத் தாள்.)

மூன்றாவது ஆரம்பம்: "குணவதிக்கு விரிசல் தேடுவதுதான் உத்தியோகம்."

இது நிற்கும் போலிருக்கிறது. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் நாள் முழுக்க நுண்நோக்கியில் கண்ணைப் பதித்து, அரிசியைவிடச் சின்ன மின்னணுச் சில்லுகளில் கீறல் இருக்கிறதா என்று பார்ப்பவர் குணவதி. சனிக்கிழமையானால் தன் சுங்கை பினாங் ஃபிளாட்டில் சாப்பாட்டு மேசைமேல் செய்தித்தாளை விரித்து, எங்கள் எல்லோருடைய அம்புகளையும் பலப்படுத்தித் தருவார்.

மர அம்பு இரண்டு இடத்தில் உடைந்துபோகும். ஒன்று, இரும்பு முனைக்குப் பின்னால். இன்னொன்று, நாண் உட்காரும் வாலில். குணவதி முன்பக்கத்தை ஆப்பு மாதிரி சீவி, மெர்பாவ் என்ற கெட்டி மரத்துண்டைப் பிளந்து அதில் செருகி, பசை போட்டு, காய்ந்ததும் உருட்டி உருட்டித் தேய்ப்பார். தடவிப் பார்த்தால் இரண்டு மரம் என்று விரலுக்குத் தெரியாது. வால் பக்கத்துக்குப் பட்டு நூல். இழைக்கு இழை இடைவெளி விடாமல் சுற்றி மேலே பசை பூசுவார். அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்து பல தடவை என் கோப்பி ஆறிப்போயிருக்கிறது.

நூல் சுற்றினால் பலம் கூடும். உள்ளே விரிசல் இருந்தால் அதுவும் கண்ணுக்கு மறைந்துவிடும்.*

* அதனால்தான் நூல் சுற்றுவதற்கு முன் அம்பைக் காதருகே வைத்து, இரு நுனியையும் பிடித்து மெல்ல வளைத்துக் கேட்க வேண்டும். 'டிக்' என்றால் அது குப்பைக்கு. எய்கிறவரும் எய்வதற்கு முன் அப்படி ஒருமுறை கேட்க வேண்டும். விரிசல் விட்ட அம்பு நாணை விட்ட கணத்திலேயே பிளந்து, வில் பிடித்த கைக்குள் போய்விடலாம். அப்படி ஆன ஒரு கையின் படத்தையும் எனக்குக் காட்டினார்கள். அதில் கட்டைவிரலுக்கும்

(போதும்.)

3

மஹ்பூபா அக்காவை முதலில் நான் ஒரு பாத்திரமாக நம்பவில்லை. பாலத்துக்கு அந்தப் பக்கம், புக்கிட் மெர்தாஜாமில் பல் செட் செய்யும் பட்டறை வைத்திருக்கிறார். இடது கையில் மெழுகைப் பிடித்துக்கொண்டு ஒரு கடைவாய்ப் பல்லின் மேடு பள்ளங்களை அவர் செதுக்குவதைப் பார்த்தால், அந்தப் பல்லால் நாமே ஏதாவது கடித்துப் பார்க்கலாமா என்று தோன்றும். அதே இடது கைதான் ஞாயிற்றுக்கிழமை வில்லையும் பிடிக்கிறது. இவ்வளவு கவனமான மனுஷி அம்பை வளைத்துப் பார்க்காமல் எய்வாரா? வாசகர் சும்மா விடமாட்டார்.

ஆனால் எய்வார். எங்கள் அம்புகளை வளைத்துக் கேட்பார். கடையில் வாங்கியதை இரண்டு தடவை கேட்பார். குணவதி கொடுத்ததை மட்டும் மாட்டார். வளைத்துப் பார்த்தால், 'உன்னை நம்பவில்லை' என்று முகத்துக்கு நேரே சொன்னதாகும் என்பது அவர் எண்ணம். குணவதிக்கு இது தெரியாது. அக்கா வீட்டிலேயே பார்த்துவிட்டு வருகிறார் என்று நினைத்திருந்தார்.

4

அந்தச் சனிக்கிழமை மஹ்பூபா அக்காவின் பன்னிரண்டு அம்புகள் குணவதியின் மேசைமேல் இருந்தன. பதினொன்றை வளைத்துக் கேட்டாயிற்று. பன்னிரண்டாவது, போன வாரம் இலக்கைத் தாங்கும் மரக்காலில் மோதிய அம்பு. அதைக் கையில் எடுத்தபோது பக்கத்து வீட்டில் சுவரில் துளை போட ஆரம்பித்தார்கள். அந்த இரைச்சலில் இடியே விழுந்தாலும் கேட்காது. நிற்கட்டும் என்று காத்திருந்தார். நிற்கவில்லை. அக்கா எப்படியும் பார்த்துக்கொள்வார் என்று நூலைச் சுற்றிவிட்டார். சிவப்பு நூல் தீர்ந்துபோனதால் இதற்கு மட்டும் பச்சை.

மறுநாள் திடலில் மஹ்பூபா அக்கா, முந்தின இரவே வந்து வாங்கிப்போன அம்புகளிலிருந்து பச்சை நூல் அம்பை எடுத்து நேரே நாணில் மாட்டினார்.

"வளைச்சுப் பாக்கலையாக்கா?" என்றார் குணவதி.

"எத? நீ குடுத்ததையா?" அக்கா எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சிரித்தார். "குணா கட்டுன அம்ப நான் ஒருநாளும் வளைச்சுப் பாத்ததில்ல லா! எதுக்குப் பாக்கணும்?"

சொல்லிக்கொண்டே நாணை இழுத்தார்.

நாணை இழுத்துப் பிடித்திருப்பவரைக் கூப்பிடக் கூடாது. திடுக்கிட்டால் விரல் தானாக விட்டுவிடும். குணவதி வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார்.

(இந்த இடத்தில் இரண்டு வாரம் எழுத முடியாமல் நிறுத்தி வைத்திருந்தேன். வேலைக்குப் போனேன், சாப்பிட்டேன், தூங்கினேன். அத்தனை நாளும் மஹ்பூபா அக்கா என் நோட்டில் நாணை இழுத்தபடியே நின்றுகொண்டிருந்தார். மன்னிக்க வேண்டும் அக்கா, கை வலித்திருக்கும்.)

அம்பு போயிற்று. நெளிந்து, நிமிர்ந்து, இலக்கின் நடுவில் குத்தி நின்றது. கைக்கு ஒன்றும் ஆகவில்லை.

இறகு தளர்ந்திருக்கிறது என்று ஒரு பொய்யைச் சொல்லி, குணவதி அந்த அம்பை வீட்டுக்கு எடுத்து வந்தார். கதவைச் சாத்திவிட்டுக் காதருகே வைத்து வளைத்தார்.

டிக்.

5

குணவதி சொன்ன அளவை வைத்து நான் எழுதிய முதல் பிரதி அதோடு முடிந்தது. நன்றாக வந்திருப்பதாகவே எனக்குப் பட்டது. சாலையோர ஒட்டுக்கடையில் பசியாறிக்கொண்டே குணவதிக்குப் படித்துக் காட்டினேன். அவர் ரொட்டியைத் தொடவே இல்லை.

"தப்பா எழுதிட்டீங்க அண்ணே."

"எங்க?"

"ஒரு தடவ இல்ல. அந்த அம்ப மூணு தடவ எய்தாங்க."

நான் பேனாவை மூடி வைத்தேன்.

"மொத தடவ எய்து முடிச்சதும் சொல்லிருக்கலாம். யாரு தடுத்தா? ஆனா எல்லார் முன்னாடியும் அவ்ளோ பெருமையா பேசிட்டாங்க. நான் பாக்கவே இல்லக்கான்னு எப்படிச் சொல்றது? வெக்கமாப் போச்சு. ரெண்டாவது தடவ பாத்துக்கிட்டே நின்னேன். மூணாவது தடவ கண்ண மூடிக்கிட்டேன் அண்ணே."

எனக்குக் கோபம் வந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு வார்த்தை சொல்ல இந்தப் பெண்ணுக்கு என்ன கேடு என்று நினைத்தேன். அப்புறம் மலைப்பாக இருந்தது. உள்ளே விரிசல் விட்ட மரம், ஒரு பச்சை நூலின் பிடியில் மூன்று முறை அந்த எல்லை வரை போய் மூன்று முறையும் திரும்பி வந்திருக்கிறது. யாரைக் கேட்டு? இன்னொன்றும் தோன்றியது. ஒன்று என்று நான் எழுதியதை இவர் அப்படியே விட்டிருக்கலாம். ஒருவருக்கும் தெரிந்திருக்காது. அவரைக் கொஞ்சம் நல்லவராகக் காட்டி, எனக்கே தெரியாமல் நானும் விரிசல்மேல் நூலைத்தான் சுற்றிக்கொண்டிருந்திருக்கிறேன்.

6

முடிவு அ: மூன்றாவது முறை அம்பு

(மாட்டேன். நடக்காததை அந்தக் கையில் நடத்திப் பார்க்க எனக்கு மனசு வரவில்லை.)

முடிவு ஆ: குணவதி எல்லாவற்றையும் சொல்ல, மஹ்பூபா அக்கா, "அட, இதுக்கா இவ்ளோ?" என்று சிரித்து முதுகில் தட்டுகிறார்.

(அவ்வளவு சுலபமாக இருந்தால் இதற்குள் சொல்லியிருப்பாரே.)

முடிவு இ: குணவதி கடைசிவரை சொல்லவில்லை.

போன புதன்கிழமை வரை இதுதான் முடிவாக இருந்தது.

7

புதன்கிழமை குணவதியிடம் கேட்டேன். "பேரெல்லாம் மாத்திடுறேன். மஹ்பூபா அக்காவ ஜெகதீஸ்வரின்னு போட்டுட்டா யாருக்கும் தெரியாது."

"மாத்தாதீங்க."

"குணவதி, அவங்க ஞாயித்துக்கெழம பேப்பர்ல வர்ற என் கதைய ஒண்ணு விடாம படிப்பாங்க."

"தெரியும் அண்ணே. நாலு தடவ பாலத்தத் தாண்டி அவங்க பட்டற வாசல் வரைக்கும் போய்ட்டேன். வாய் வரல. நீங்க எழுதுங்க."

இருபது வருஷமாக எழுதுகிறேன். என் கதையை இதுவரை யாரும் ஒரு வேலையாக எங்கேயும் அனுப்பியதில்லை. வீட்டுக்குப் போய் முதல் வரியிலிருந்து திரும்ப எழுதினேன்.

மஹ்பூபா அக்கா, இதைப் பலர் படிப்பார்கள். ஆனால் எழுதியது உங்களுக்கு. இதை நீங்கள் படிக்கும் இந்த ஞாயிறு, காலை பத்து மணிக்கு குணவதி திடலில் இருப்பார். உங்களுக்காகப் புதிதாகப் பன்னிரண்டு அம்புகள் கட்டியிருக்கிறார். ஒவ்வொன்றையும் வளைத்துக் கேட்டார், நான் பக்கத்தில் இருந்தேன். அவற்றை உங்களிடம் நீட்டுவார். நீங்கள் வாங்கவே மாட்டீர்கள் என்றால், அதை எழுதும் தைரியம் எனக்கு இல்லை. வாங்கினால் என்ன செய்வீர்கள் என்பதற்கு இரண்டு வரி எழுதினேன். எது உங்கள் வரி என்று தெரியாததால் இரண்டையும் விட்டுவைத்திருக்கிறேன். வேண்டாததை நீங்களே அடித்துவிடுங்கள்.

மஹ்பூபா அம்பை வாங்கி, குணவதியின் கண் முன்னாலேயே காதருகே வைத்து வளைத்துக் கேட்டார்.

மஹ்பூபா அம்பை வாங்கி, நேரே நாணில் மாட்டினார்.