சிலுவைக்கு ஞானத்தகப்பன்

சிலுவைக்கு அடியில் வைக்கக் கலவை போதாது என்று மேஸ்திரி நபோர் மேல் தளத்திலிருந்து கத்தினார். அபுந்தியா இன்னொரு வாளியை நிரப்பித் தோளில் ஏற்றிக்கொண்டாள். மாடிப்படி இன்னும் வார்க்கவில்லை, ஏணிதான். ஒரு கை வாளியில், ஒரு கை ஏணியில். சிமெண்டுத் தண்ணீர் கழுத்து வழியே இறங்கி முதுகில் அரித்தது. மேலே போய்க் கொட்டிவிட்டு அவள் இறங்கியபோது, செப்புக் கொப்பரையில் பன்றிக்கறி வெந்து முடிந்து அடுப்பை அணைத்திருந்தார்கள். கொத்தனார்கள் கைகால் கழுவி, தலை சீவி, செங்கல் அடுக்குகளின் மேல் உட்கார்ந்து கொப்பரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மே மூன்றாம் தேதி கொத்தனார்களின் நாள். எழும்பிக்கொண்டிருக்கும் கட்டடத்தின் உச்சியில் சிலுவை நட்டு, காகிதப்பூ சுற்றி, வாணம் விட்டு, கட்டுகிறவன் செலவில் வயிறு முட்டத் தின்பார்கள். சிலுவைக்கு ஒரு ஞானத்தகப்பன் உண்டு. அவன் வந்து சிலுவையைத் தொடும்வரை எவனும் ரொட்டியைப் பிய்க்கக் கூடாது.

இந்தச் சிலுவைக்கு ஞானத்தகப்பன் நீதிபதி ஓல்வேரா. எழும்பிக்கொண்டிருப்பது புதிய கோர்ட்டுக் கட்டடம்.

"கொழுப்பு உறையுது அக்கா," என்றான் கொத்தனார் உர்பானோ. "ஐயா எந்திரிச்சிட்டாரான்னு யாராச்சும் ஒரு மனு போடுங்களேன்."

"போட்டா விசாரணைக்குத் தேதி குடுப்பாங்க. அதுக்குள்ள இந்தப் பன்னி எந்திரிச்சு நடந்து போயிரும்," என்றாள் அபுந்தியா.

ஆட்கள் சிரித்தார்கள். நபோர் சிரிக்கவில்லை.

"இன்னைக்கு ஒரு நாளாவது வாயைக் கட்டு தாயி. உங்கண்ணன் தீர்ப்பு அந்த மனுசன் கையில இருக்கு."

"அதான் கைய நல்லாக் கழுவிட்டு வரட்டும்னு காத்துக்கிட்டு இருக்கேன்."

அவள் அண்ணன் தொரிபியோ, ஐம்பது வருஷத் தண்டனையில் ஏழாவது வருஷத்தைக் கழித்துக்கொண்டிருந்தான். ஒரு மே மூன்றாம் தேதி மதியம், பக்கத்து ஊர் மாவுமில் முதலாளியைக் காரோடு கடத்திக்கொண்டு போனார்கள். பணம் வாங்கிக்கொண்டு விட்டுவிட்டார்கள். கடத்தியவன் நெட்டை, வெள்ளைத்தோல் என்று முதலாளி முதலில் சொன்னார். பஸ் நிறுத்தத்தில் தொரிபியோ பிடிபட்டு, அவன் படத்தைப் போலீஸ் காட்டிய பிறகு, குட்டை, கறுப்பு, மீசை என்று சொன்னார். நாள் போகப்போக அவருக்கு ஞாபகம் தெளிகிறது என்று கோர்ட்டு எழுதியது.

அதே மதியம் தொரிபியோ பள்ளிக்கூடக் கட்டடத்தின் உச்சியில் சிலுவைக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தான். கூட்டம் மொத்தமும் கீழே நின்று அண்ணாந்து பார்த்தது. காண்ட்ராக்டர் பராஹாஸும் பார்த்தார். ஆனால் வேலைக்காரர்களில் ஒருவனுக்கும் அவர் காப்பீடு கட்டியிருக்கவில்லை. அது வெளியே வராமலிருக்க, தொரிபியோ என்று ஒருவனைத் தமக்குத் தெரியவே தெரியாது என்று சத்தியம் செய்துவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டார்.

கொத்தனார்கள் எல்லோரும் சாட்சிக்குப் போனார்கள். போவதற்கு முன் நபோர் அவர்களை உட்காரவைத்துச் சொன்னார்: "நூல் பிடிச்ச மாதிரி பேசணும். ஒரு செங்கல் வெளிய துருத்துனாலும் சுவரு கோணல்தான்." அவருக்குத் தெரிந்த நேர்மை அது. சுவர் எழுப்புவதுபோல ஒரு வாக்கியத்தைக் கட்டி எல்லோருக்கும் கொடுத்தார். 'சிலுவையை தொரிபியோ தன் கையால் நட்டதை நேரில் கண்டோம்.' ஒருவர் பின் ஒருவராக எழுந்து அதையே சொன்னார்கள். ஒரே வாக்கியத்தைச் சொல்கிறார்கள், சொல்லிக்கொடுத்து அழைத்து வந்த சாட்சிகள் என்று ஓல்வேராவின் கோர்ட்டு தள்ளியது. அன்றிலிருந்து நபோர் நூல் பிடிக்கும்போது பேசுவதில்லை.

அதற்கப்புறம் ஞாயிறுதோறும் காலையில் ஊர்ச் சதுக்கத்தில் அண்ணன் படத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள் அபுந்தியா. கொத்தனார்கள் முறை வைத்து அவளோடு நின்றார்கள். பாவமன்னிப்புக் கேட்கப் பூசைக்குப் போகிற சீமாட்டிகள் தெருவின் அந்தப் பக்கமாக நடந்தார்கள். வருகிற காகிதத்தையெல்லாம் அடுத்தவனிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லிச் சொல்லி வெட்கம் விட்டுப்போய், சிறையில் அண்ணனைப் பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில் முதியோர் வகுப்பில் சேர்ந்து எழுத்துக் கற்றாள். கடைசியில் தலைநகரத்திலிருந்து சுலேமா வந்தாள். குற்றம் செய்யாமல் உள்ளே கிடப்பவர்களுக்காகவே வாதாடும் ஒரு சங்கத்தின் வக்கீல். பெரிய படிப்பு, தேய்ந்த செருப்பு. வழக்கைத் திரும்பத் திறக்கவைத்தது அவள்தான்.

"இந்தத் தடவை யாரும் எதையும் கட்டிக்கிட்டு வராதீங்க," என்றாள் சுலேமா. "அவங்கவங்க கண்டதை அவங்கவங்க வாயால சொல்லுங்க."

சொன்னார்கள். அதே ஓல்வேரா மோவாயில் கைவைத்துக் கேட்டார். இப்போது தீர்ப்புக்குக் காத்திருந்தார்கள்.

போன ஞாயிறு அவள் சிறைக்குப் போனபோது, தொரிபியோவுக்குக் கட்டடத்தைப் பற்றித்தான் கேள்வி.

"என்னை உள்ள போட்ட கோர்ட்டுக்கா மாடி கட்டுறீங்க?"

"கூலி அங்கதான் கிடைக்குது. உன் சிறைக்குச் சுவரு பூசக் கூப்பிட்டாலும் வருவோம்."

"வந்தா என் பக்கத்துச் சுவரை மெலிசாக் கட்டுங்க." அவன் சிரித்தபோது, போலீஸ் உடைத்த பல்லின் இடம் தெரிந்தது. "இங்க இருக்கற மனோதத்துவ டாக்டரம்மா மறுபடியும் கூப்பிட்டாங்க. மனசார வருந்துனா தண்டனை குறையுமாம். எதுக்கு வருந்தணும்னு கேட்டேன். செஞ்சதுக்குன்னாங்க. நான் செஞ்சது சுவரும்மா, ஒண்ணு ரெண்டு கோணலா நின்னிருக்கும், அதுக்கு வேணா வருந்துறேன்னேன். 'ஒத்துழைக்கவில்லை'ன்னு எழுதிக்கிட்டாங்க."

அன்று காலை அபுந்தியா வேலைக்கு வரும் வழியில் சுலேமா தொலைபேசியில் கூப்பிட்டுச் சொல்லியிருந்தாள்.

"அந்தாள்கிட்ட கேஸைப் பத்தி மூச்சு விடக் கூடாது அபுந்தியா. நீங்க பேசுனா அதையே பிடிச்சுக்குவாங்க."

"கறி பரிமாறலாமா?"

"பரிமாறுங்க."

"துப்பிட்டுப் பரிமாறலாமா?"

"வேண்டாம்," என்றாள் சுலேமா, கொஞ்சம் யோசித்துவிட்டு.

ஓல்வேரா வந்தபோது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, தலையில் புத்தம்புது மஞ்சள் தொப்பி. பின்னால் கழுத்துப்பட்டை கட்டிய ஒரு குமாஸ்தா, படம் எடுக்க ஒருவன், கையைப் பிசைந்துகொண்டு காண்ட்ராக்டர் பராஹாஸ்.

"என் அருமைக் கொத்தனார்களே!" என்றார் ஓல்வேரா. "நானும் உழைப்பாளிதான்."

சிலுவையைத் தொட்டார். தோளில் சாய்த்துக்கொண்டு படம் எடுத்துக்கொண்டார். பிறகு ஏணியைப் பார்த்தார். முதல் படியில் காலை வைத்தார், இரண்டாவதில் வைத்தார். ஏணி லேசாக ஆடியது. "ஆகா, என்ன காற்று!" என்று சொல்லி இறங்கிவிட்டார். சிலுவையை நபோர் தோளில் போட்டுக்கொண்டு ஏறினார். அறுபது வயசு முழங்கால் ஒவ்வொரு படியிலும் நொடித்தது. உச்சியில் நட்டு, கலவையை ஒதுக்கி, ரசமட்டம் வைத்துப் பார்த்தார். வாணம் வெடித்தது. கீழே ஓல்வேரா எல்லோரையும்விடப் பலமாகக் கை தட்டினார்.

கொப்பரை திறந்தது. அபுந்தியா ரொட்டியில் கறி வைத்து, பச்சை மிளகாய்த் துவையல் தடவி நீட்டினாள். கத்தாழைக் கள் சுற்றி வந்தது. ஞானத்தகப்பன் ஒரு குவளை குடித்தார், இன்னொன்று குடித்தார், பிறகு குவளையைக் கீழே வைக்கவே இல்லை. மூக்கும் காதும் சிவந்தன. உர்பானோவின் முதுகில் தட்டி, சிலுவை முன்னால் பொய் சொல்லாத சாதி ஒன்று உலகத்தில் உண்டென்றால் அது கொத்தனார் சாதிதான் என்றார்.

நபோரால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தார். அபுந்தியா அவர் காலை மிதித்தாள். காலை இழுத்துக்கொண்டு சொன்னார்:

"ஐயா, எங்க தொரிபியோ விசயம்..."

"எந்த தொரிபியோ?"

குமாஸ்தா காதில் ஏதோ சொன்னான்.

"ஓ, அதுவா! வெள்ளிக்கிழமையே கையெழுத்துப் போட்டாச்சே. நாளைக்கு உங்க வக்கீலம்மாவுக்கு வந்துரும்." ஓல்வேரா ஒரு எலும்பை எடுத்து மூட்டில் கடித்தார். "தள்ளுபடி. வேற வழி இல்லப்பா. ஒருத்தன் அன்னைக்குப் பன்னிக்கறிங்கிறான், ஒருத்தன் ஆட்டுக்கறிங்கிறான். ஒருத்தன் சாமியார் வந்தார்ங்கிறான், இன்னொருத்தன் வரலைங்கிறான். முன்னுக்குப் பின் முரண். அதுவும் குடிச்ச நாள். சட்டம் என்ன பண்ணும்?"

யாரும் மெல்லவில்லை.

"ஆணி அடிச்சது தொரிபியோன்னு எல்லாரும் சொன்னாங்களே ஐயா," என்றாள் அபுந்தியா.

"நீ யாரும்மா?"

"சித்தாளு. மொதல்ல எல்லாரும் ஒண்ணு போலச் சொன்னாங்க. அப்பவும் தள்ளுனீங்க."

"அது இதைவிட மோசம்," என்றார் ஓல்வேரா வாய் நிறையக் கறியோடு, கோபமே இல்லாமல். தட்டை நீட்டினார். "அந்த மொறுமொறுன்னு இருக்கற தோல் இன்னும் கொஞ்சம் போடு. உன் கை ருசி நல்லாருக்கு."

அவள் கரண்டியைக் கொப்பரைக்குள் போட்டுவிட்டுப் போனாள். பராஹாஸ் ஓடி வந்து தானே அள்ளி வைத்தார்.

மணல் குவியலுக்குப் பின்னால் நின்று சுலேமாவைக் கூப்பிட்டாள்.

"தள்ளிட்டான்."

"யார் சொன்னா? இன்னும் எனக்கே வரலையே."

"அவனே சொன்னான். எங்க பன்னியைத் தின்னுக்கிட்டே."

"மேல போவோம்," என்றாள் சுலேமா. "மேல் கோர்ட்டு இருக்கு, அதுக்கு மேலயும் இருக்கு."

"எத்தனை மாடிதாம்மா கட்டி வச்சிருக்கானுக? அண்ணனுக்கு என்னன்னு சொல்லட்டும்?"

"நான் வந்து சொல்றேன். ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரும் சேர்ந்தே போவோம்."

அவள் திரும்பி வந்தபோது ஓல்வேராவைக் காருக்குள் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் இந்தத் தோளையும் ஒருவன் அந்தத் தோளையும் பிடித்திருந்தான். மாலையில் அவருக்கு இரண்டு விசாரணை இருப்பதாகப் பராஹாஸ் பெருமையாகச் சொன்னார்.

குமாஸ்தா மட்டும் தங்கிவிட்டான். சிமெண்டு மூட்டைகளின் மேல் பலகை போட்டு, தாள்களையும் மைப் பெட்டியையும் பரப்பினான். கட்டடத்தின் ஆவணத்தில் சேர்க்கவேண்டும், ஆளுக்கு ஒரு தாள், எழுதத் தெரிந்தவன் தான் வாசிக்கும் வாசகத்தை எழுதிக் கையெழுத்துப் போடலாம், தெரியாதவனுக்குத் தானே எழுதிக் கொடுப்பதாகவும் ரேகை வைத்தால் போதும் என்றும் சொன்னான். பிறகு உரக்க வாசித்தான்.

"சிலுவையை மாண்புமிகு நீதிபதி ஓல்வேரா அவர்கள் தம் கையால் நட்டதை நேரில் கண்டோம்."

நபோர் அதைக் கேட்டுவிட்டு உச்சியில் இருந்த சிலுவையைப் பார்த்தார். பிறகு பராஹாஸைப் பார்த்தார். பராஹாஸ், கூலி சனிக்கிழமைதான் என்பதுபோல வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். நபோர் கட்டைவிரலை மையில் அழுத்தினார்.

உர்பானோ எழுதினான். மற்றவர்கள் வரிசையில் நின்றார்கள்.

அபுந்தியாவின் முறை வந்தது. அவள் பேனாவைக் கரணையைப் பிடிப்பதுபோல இறுக்கிப் பிடித்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, பெரிய பெரிய எழுத்தாக எழுதினாள். 'ரெண்டு படி ஏறினார். இறங்கிட்டார். நட்டது நபோர்.' கீழே முழுப்பெயரையும் போட்டாள்.

குமாஸ்தா வாசித்தான். திட்டவில்லை. தாளை இரண்டாகக் கிழித்து மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, புதுத் தாள் ஒன்றை எடுத்து வைத்தான். பக்கத்தில் உர்பானோவின் தாளையும் நகர்த்தி வைத்தான்.

"இதைப் பார்த்து அப்படியே எழுதுங்கம்மா. ஒரு எழுத்துக்கூட மாறக் கூடாது. ஆளுக்கு ஒண்ணு எழுதினா யாரு நம்புவாங்க?"

அவள் பேனாவைப் பலகையில் வைத்துவிட்டு வாளியை எடுத்தாள். குமாஸ்தா தோளைக் குலுக்கிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டான். அடுத்தவன் விரலை நீட்டினான், அதற்கடுத்தவன் நீட்டினான். குமாஸ்தா ஒவ்வொரு ரேகையையும் வாயால் ஊதிக் காயவைத்து, ஓரம் கசங்காமல், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினான்.