காலண்டர் தாளின் பின்பக்கம்

தட்சிணாமூர்த்தி போய்ச் சேர்ந்து ஏழு மாதம் ஆகிறது. அவர் மனைவி ராஜகுமாரிக்கு அவர்மீது கோபம் வந்தது என்னவோ போன மாதம்தான்.

காரணம், ஆவடி குவார்ட்டர்ஸில் இருந்த காலத்தில் தீப்பெட்டிப் படங்களையும் ரயில் டிக்கெட்டுகளையும் அவர் ஒட்டிவைத்த பழைய நோட்டு. அதன் நடுவில் 1988 ஜூன் 14-ஆம் தேதி காலண்டர் தாள் ஒன்று ஒட்டியிருந்தது. அது கல்யாண நாளும் இல்லை, பிள்ளைகள் பிறந்த நாளும் இல்லை. மெல்லிய தாளின் பின்னால் ஏதோ எழுத்து இடம் வலம் மாறித் தெரிந்தது. கண்ணாடியில் காட்டிப் பார்த்தாள். மற்றதெல்லாம் மங்கல், ‘கஸ்தூரி’ என்பது மட்டும் படிக்க முடிந்தது.

எதிர் வீட்டில் அப்போது ஒரு கஸ்தூரி இருந்தாள். சிரித்தால் கன்னத்தில் குழி விழும். அந்தக் குழியில் இந்த மனுஷன் விழுந்தாரா, இல்லையா? எத்தனை யோசித்தும் ராஜகுமாரிக்குப் பிடிபடவில்லை. போனவரை உலுக்கிக் கேட்கவும் முடியாது.

கரையான்சாவடியில் பைண்டிங் கடை வைத்திருக்கும் முகமது ஆசிக்கிடம் நோட்டைக் கொண்டுபோனாள்.

“ஆவி காட்டினா இந்தத் தாள் பிரிஞ்சு வந்துடும்ல, பாய்?”

“ஐயோ, வேணாம்மா! பின்னாடி பேனா மையி கீது. ஈரம் பட்டா கலங்கிடும்.” ஓரத்தை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். “மைதா பசைதான். நாலு ஓரம்தான் ஒட்டிகினு கீது. நோட்டுப் பக்கம் பாழானா பரவால்லியா?”

“போகட்டும்.”

அந்தப் பக்கத்தைத் தனியே எடுத்துக் கவிழ்த்து, பசை இருந்த ஓரங்களில் மட்டும் ஈரப் பஞ்சை ஒற்றினார். பசை ஊறியதும் மெல்லிய தகட்டை உள்ளே விட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு நகர்த்தினார். காலண்டர் தாள் கிழியாமல் வந்தது. ராஜகுமாரி வாங்கிப் படித்தாள்.

‘கஸ்தூரி மஞ்சள் 50 கிராம். ரவை அரைக் கிலோ. நான் பேசலைன்னு வெளியில சாப்பிட்டுடாதீங்க. சீக்கிரம் வந்துடுங்க.’

கையெழுத்து அவளுடையது. கண்ணாடியில் தன் எழுத்தே தனக்குத் தெரியாமல் போயிருக்கிறது. வெட்கமாக இருந்தது.

“எனக்கு ஒண்ணும் புரியல, பாய். நான்தான் எழுதியிருக்கேன். எதுக்கு சண்டை போட்டேன்னு ஞாபகமே இல்ல.”

“புதுத் தாள்ல திருப்பி ஒட்டிடறேம்மா. எந்தப் பக்கம் மேல வரணும்?”

ராஜகுமாரி தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவர் பத்திரப்படுத்தியது அந்தத் தேதியையா, இந்தச் சீட்டையா?

“அன்னைக்கு அவர் சீக்கிரம் வந்தாரா, பாய்?” என்று ஆசிக்கைக் கேட்டுவிட்டு, அழுதாள்.