வேலிமேல் உட்கார்ந்த ராபின்

ஜனவரி கடைசி ஞாயிறு, காலை பத்திலிருந்து பதினொன்று வரை வாசலில் யார் வந்து மணியடித்தாலும் நைஜல் தாக்ரே எழுந்து போக மாட்டார். அந்த ஒரு மணி நேரத்தில் தன் தோட்டத்தில் இறங்கும் பறவைகளை எண்ணி எழுதி அனுப்புவது இருபத்திரண்டு வருடப் பழக்கம். நாடு முழுக்க லட்சக்கணக்கான பேர் செய்கிற வேலைதான். ஆனாலும் மொத்தக் கணக்கும் தன் சமையலறை ஜன்னலை நம்பித்தான் இருக்கிறது என்பது அவர் நினைப்பு. அவருடைய தாளில் ஒரு வருடம்கூடப் பூஜ்ஜியம் விழுந்ததில்லை. போன வருடம் பக்கத்து வீட்டு ப்ரெண்டா பதினான்கு பொன்சிட்டு என்று எழுதியபோது, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொள்ளச் சொன்னவரும் இவரே.

இந்த வருடம் குளிர் வரவே மறந்துவிட்டது. வசந்தத்தில் பூக்க வேண்டிய டாஃபடில் பூ இப்போதே பூத்துக் கிடக்கிறது. பனி கொட்டினால்தானே பறவைக்குப் பசி? வயலெல்லாம் புழுவும் பழமுமாகக் கிடக்கும்போது நைஜல் தொங்கவிட்ட கடலையை யார் சீண்டப் போகிறார்கள்?

ஐம்பது நிமிடம் ஓடிவிட்டது. தாளில் ஒரு கோடு இல்லை.

"இப்பதான் மேல ஒரு புறா போச்சே," என்றாள் மனைவி ஹிலரி, டீயை வைத்துவிட்டு.

"பறந்து போறதெல்லாம் சேத்தி இல்ல. இறங்கணும்."

"கூப்பிட்டுப் பாரு. உன் மூஞ்சியப் பாத்து இறங்கினாலும் இறங்கும்."

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. பூஜ்ஜியம் என்று எழுதிக் கையெழுத்துப் போடுவதா? மூக்கை ஜன்னலோடு ஒட்டிக்கொண்டார்.

பதினொன்றுக்கு நான்கு நிமிடம் இருக்கும்போது நெஞ்சு சிவந்த ஒரு ராபின் குருவி வந்து, இரண்டு தோட்டத்துக்கும் நடுவே இருக்கிற வேலிமேல் உட்கார்ந்தது. மூன்று வருடத்துக்கு முன் புயலில் சாய்ந்த வேலி. அது உங்களுடையது, நீங்கள்தான் நிமிர்த்த வேண்டும் என்று நைஜலுக்கும் ப்ரெண்டாவுக்கும் அன்றிலிருந்து சண்டை.

நைஜல் வெளியே ஓடினார். அந்தப் பக்கம் ப்ரெண்டா கையில் தாளும் பேனாவுமாக நின்றாள்.

"ராபின் ஒண்ணு, நான் எழுதிக்கிட்டேன்," என்றாள்.

"அது எப்படி உங்க கணக்கு?"

"வேலி உங்களுதுன்னு நீங்கதானே நைஜல் மூணு வருஷமா கத்துறீங்க? சரி, ஒத்துக்கறேன். என் வேலி, என் ராபின்."

வேலிச் சண்டையில் நைஜல் ஜெயித்தாகிவிட்டது. வாயை மூடிக்கொண்டு உள்ளே போயிருக்கலாம். மனுஷனால் முடியவில்லை.

"இல்ல! வேலி என்னுது! பத்திரம் இருக்கு, காட்டட்டுமா?"

"ஹிலரி, காதுல விழுந்துச்சா?"

"தெருவுக்கே விழுந்துச்சு," என்றாள் ஹிலரி கதவருகே நின்றபடி.

ப்ரெண்டா தாளைத் திருப்பிக் காட்டினாள். பால், ரொட்டி, முட்டை, சோப்பு. "இந்த வருஷம் நான் எண்ணவே இல்ல. கடைக்குக் கிளம்பிட்டிருந்தேன்."

நைஜல் உள்ளே போய், 'ராபின், ஒன்று' என்று அழுத்தி எழுதினார்.

அடுத்த ஞாயிறு பத்து மணிக்கு வேலிக்கம்பம் நடக் குழி தோண்டினார். புரண்ட மண்ணில் புழு நெளிந்தது. முதலில் அந்த ராபின் அவருடைய பூட்ஸ் பக்கத்திலேயே வந்து இறங்கியது. பின்னாலேயே கருங்குருவிகள்.

ப்ரெண்டா வீட்டு ஜன்னல் திறந்தது.

"அஞ்சு, ஆறு, ஏழு... நைஜல், குனிஞ்சே இருங்க, உங்க முதுகுல ஒண்ணு உட்கார்ந்திருக்கு!"