நானூறு கிராம் துப்பாக்கி

போச்சம்பள்ளி சிப்காட்டில் லைன் சூப்பர்வைசராக இருந்த திம்மராயனின் எடை, சென்ற ஆடி மாதம் இரண்டாம் வாரத்தில் முந்நூறு கிலோவைத் தொட்டது. உடம்பு பெருக்கவில்லை. பெல்ட்டை அதே நான்காவது ஓட்டையில்தான் மாட்டினார், சட்டை அளவும் மாறவில்லை. முதலில் கேன்டீன் நாற்காலி உடைந்தது. அடுத்து பைக்கின் பின் டயர் வெடித்தது. ஓரத்தில் உட்கார்ந்தால் வண்டி சாய்கிறது என்று கம்பெனி பஸ் டிரைவர் அவரை நடுவில் நிற்கச் சொன்னார். கிருஷ்ணகிரியில் பார்த்த டாக்டர் தைராய்டு டெஸ்ட் எழுதிக் கொடுத்தார். எல்லாம் நார்மல் என்று வந்தது.

காரணம் அறுபது கிலோமீட்டர் தள்ளி, கெலவரப்பள்ளி அணைக்குப் பக்கத்தில், ஒரு லேப்டாப்புக்குள் இருந்தது. அது வெங்கட்டின் லேப்டாப். ஓசூரில் ஒரு டிசைன் ஆபீசில் கார் பாகங்களின் எடையைக் குறைப்பதுதான் அவன் வேலை. ஒரு கதவுக் கீலில் ஏழு கிராம் குறைத்த அன்று, அந்தச் சந்தோஷத்தில் முத்துமணிக்கு ஒரு கட்டு ரோஜா வாங்கி வந்து கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று கேட்டவன். முத்துமணி பரமக்குடிப் பக்கத்துப் பெண், டிப்ளமோ முடித்துவிட்டுத் திம்மராயனின் பிரஸ் லைனில் வேலைக்கு வந்தவள். கல்யாணமான இரண்டாம் வருஷம் மாசி மாதத்தில் அந்த பிரஸ் அவள் வலது கையின் நடு மூன்று விரல்களை எடுத்துக்கொண்டது. கை உள்ளே போனால் மெஷினை நிறுத்தும் சென்சாரை, பீஸ் எண்ணிக்கை கூட வேண்டும் என்று அன்று காலை திம்மராயன்தான் கழட்டி டிராயரில் போட்டிருந்தார். அவளை ஆம்புலன்சில் ஏற்றிய கையோடு அதைத் திரும்ப மாட்டிவிட்டு, விபத்து ரிப்போர்ட்டில் ஆபரேட்டர் கவனக்குறைவு என்று எழுதினார். பக்கத்து மெஷினில் நின்ற ரஞ்சிதா எல்லாவற்றையும் பார்த்தாள், முத்துமணியிடம் மட்டும் சொன்னாள்.

மாமியார் நாராயணம்மா இரண்டு மாதம் மருமகளுக்கு ராகிக் களியை உருட்டி உருட்டி வாயில் ஊட்டினாள். ஊட்டும்போதே சொல்லுவாள்: "செய்யற வேலையில கண்ணு வேணும் தாயீ." அன்பாகத்தான் சொன்னாள். விரல் போன வலியைக்கூட முத்துமணி தாங்கினாள், அந்த வாக்கியத்தை அவளால் தாங்க முடியவில்லை. அவள் பேச்சை நிறுத்திக்கொண்டாள். வைகாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எழுபது நாளைக்குப் பிறகு முதன்முதலாகப் பேசியபோது, தனக்கு ஒரு வேட்டைத் துப்பாக்கி வேண்டும் என்றாள். கடையில் கிடைப்பது ஆகாது. பிசியோதெரபி அம்மா சொன்ன கணக்குப்படி மிச்சமிருக்கும் இரண்டு விரல்களால் நானூறு கிராம்தான் தூக்க முடியும். இடது கை இருக்கிறதே என்று வெங்கட் மெதுவாகக் கேட்டான்.

"இடது கைக்கு அந்தத் திம்மராயன் மேல என்ன கோவம்? இந்தக் கைதான் செய்யணும்."

நாராயணம்மா அடுப்படியிலிருந்தே, பன்னி சுடவா என்று விசாரித்தாள். சோளக்காட்டில் அந்த வருஷம் காட்டுப்பன்றித் தொல்லை அதிகம். "பன்னிக்குத்தான் அத்தை," என்றாள் முத்துமணி. "ரெண்டு கால் பன்னி."

மனைவி மறுபடி பேசியதே போதும் என்றிருந்தது வெங்கட்டுக்கு. வரைபடம் யாரையும் சுடாது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு உட்கார்ந்தான். முதல் வரைபடத்தில் துப்பாக்கி மூன்று கிலோ இருநூறு கிராம் இருந்தது. மரக்கட்டையை எடுத்துவிட்டுக் கார்பன் ஃபைபர் போட்டான். நூற்றைம்பது கிராம் குறைந்தது. அன்றுதான் கேன்டீன் நாற்காலி உடைந்தது. போல்ட்டில் குடைந்து எழுபது கிராம் எடுத்தான். மறுநாள் டயர் வெடித்த செய்தியை ரஞ்சிதா போனில் சிரித்துக்கொண்டே சொன்னாள். திம்மராயன் பயந்துபோய் தினமும் காலையில் டெஸ்பாட்ச் தராசில் ஏறி நின்று பார்க்கிறார் என்றும் சொன்னாள். முத்துமணி சிரிக்கவில்லை. அன்று மாலை வெங்கட்டிடம் ஒரு திருகாணியை மட்டும் எடுக்கச் சொன்னாள். அது பன்னிரண்டு கிராம். காலையில் தராசு பன்னிரண்டு கிலோ கூடக் காட்டியது, முந்நூறு. எடுத்த எடை எங்காவது போய்த்தானே ஆக வேண்டும் என்றான் வெங்கட். வேலையில் அவனுக்கு அது பழகிப்போன விஷயம்.

அதன் பிறகு வேலை வேகமெடுத்தது. ஸ்டீலுக்குப் பதில் டைட்டானியம் வந்தது, குழல் குட்டையானது, தோளில் வைக்கும் கட்டை அழிந்து ஒரு கம்பியானது. முத்துமணி பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து, இரண்டு விரலால் திரையைத் தொட்டு, இது எதுக்கு, இது எதுக்கு என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். ஆவணியில் திம்மராயன் வீட்டுத் தரையின் டைல்ஸ் உடைந்தன. புரட்டாசியில் அவர் நடந்த இடமெல்லாம் தார் ரோட்டில் செருப்பச்சு விழுந்தது. நெடுஞ்சாலைக்காரர்கள் ஜல்லி கொட்டி அடைத்துக்கொண்டே பின்னால் வந்தார்கள். குழல் காகிதம் மாதிரி ஆகிவிட்டது, இதைச் சுட்டால் முதலில் சுடுகிறவர் கைதான் போகும் என்று வெங்கட் சொன்னபோது அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அது எப்பவோ போச்சு. நீங்க வெட்டுங்க."

ஐப்பசி முதல் வாரத்தில் வரைபடம் நானூறு கிராமுக்கு வந்தது. முத்துமணி சொல்லி எல்லாம் தெரிந்திருந்த ரஞ்சிதாவுக்கு அதற்கு மேல் மனசு கேட்கவில்லை. உங்கள் எடை எங்கே ஏறுகிறது என்று கெலவரப்பள்ளிக்குப் போய்க் கேளுங்கள் சார் என்று திம்மராயனிடம் சொல்லிவிட்டாள். எந்த வண்டியும் அவரைத் தாங்காததால் நடந்தே கிளம்பினார். குந்தாரப்பள்ளியில் அன்று சந்தை. லாரி எடை மேடையில் ஏறி நின்றார். மேடைக்காரர் தலையைத் தூக்காமல், "லோடோடயா, காலியாவாண்ணா?" என்று கேட்டுவிட்டு இரண்டாயிரத்து எண்ணூற்று அறுபத்தெட்டு என்று சீட்டு கொடுத்தார். மாட்டு வியாபாரிகள் பாலம் பார்த்து நடக்கும்படி புத்தி சொல்லி அனுப்பினார்கள். நான்காம் நாள் காலை வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்தார். அது மழை நனைத்த மண். நின்றதும் முழங்கால் வரை இறங்கிவிட்டார்.

முத்துமணி எழுந்து வந்து அவர் முன்னால் நின்றாள். இப்போது அவளைவிட அவர் குள்ளம். என்ன வேண்டுமானாலும் செய்கிறேன், இறக்கி விடும்மா என்றார். அவள் நாராயணம்மாவை வாசலுக்குக் கூப்பிட்டாள்.

"இவங்ககிட்ட சொல்லுங்க."

திம்மராயன் முனகினார். நாராயணம்மாவுக்குக் காது நன்றாகவே கேட்கும். இருந்தும் தெலுங்கில், "கெட்டிகா செப்பு," என்றாள்.

"சென்சாரை நான்தான் கழட்டினேன்," என்றார் திம்மராயன் உரக்க. "பொண்ணு மேல தப்பில்ல."

நாராயணம்மா மருமகளின் வலது கையைப் பிடித்து முந்தானையால் துடைத்தாள், அதில் ஈரம் ஒன்றும் இல்லாவிட்டாலும். வெங்கட் லேப்டாப்பை எடுத்து வந்து, எல்லாவற்றையும் திரும்ப ஏற்றிவிடட்டுமா என்று கேட்டான். முத்துமணி, தினம் ஒரு கிராம் போதும் என்றாள். அதுவும் தினமும் அவர் இதே வாக்கியத்தைச் சொன்ன பிறகுதான்.

அந்த மாதக் கடைசியில் திம்மராயன் கடிதம் எழுதிக் கொடுத்தார், கம்பெனி ரிப்போர்ட்டைத் திருத்தி முத்துமணியை வேலைக்கும் கூப்பிட்டது. இனி விட்டுவிடலாமே அக்கா என்றாள் ரஞ்சிதா. ரிப்போர்ட்டை வருஷத்துக்கு ஒரு ஆள் படித்தாலே அதிகம் என்று முத்துமணி பதில் சொன்னாள். திம்மராயனின் மனைவி சுசித்ரா வாரம் ஒருமுறை பஸ்ஸில் வந்து, வாசல் மண்ணிலேயே நிற்கும் அவருக்குத் துணி மாற்றிக் குடை கட்டிவிட்டுப் போகிறாள். மற்ற நாட்களில் நாராயணம்மாதான் களி கொடுக்கிறாள், கீரைக் குழம்போடு. பொங்கலன்று மட்டும் இரண்டு கிராம் போடக் கூடாதா என்று சுசித்ரா கண் கலங்கிக் கேட்டாள். முத்துமணி அவளுக்குச் சர்க்கரைப் பொங்கலும் காபியும் கொடுத்து உட்காரவைத்து, யோசித்துத்தான் சொன்னாள்.

"மூணு விரல்ல ஒண்ணே ஒண்ணு வளரட்டும்க்கா. ரெண்டு கிராம் போடறேன்."

வீட்டுக்கு எதிரிலேயே கம்பெனி பஸ்கள் நிற்கும் இடம். காலை ஆறு இருபதுக்கு, டிபன் பாக்சோடு பெண்கள் வரிசையில் நிற்கும்போது, திம்மராயன் தொண்டையைச் செருமிக்கொண்டு அந்த வாக்கியத்தைச் சொல்கிறார். வெங்கட் ஒரு கிராம் ஏற்றிவிட்டு ஆபீசுக்குக் கிளம்புகிறான். இப்போது யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அவர் சொல்லி முடித்தால் பஸ் வந்துவிடும் என்று எல்லோருக்கும் தெரியும். இன்று இருநூற்றுப் பதினோராம் நாள். இன்னும் இரண்டாயிரத்து ஐந்நூற்று எண்பத்தொன்பது நாள் இருக்கிறது. காலையில் சாரல் அடித்ததால் அவர் குரல் கொஞ்சம் கம்மியிருந்தது. முத்துமணி இன்னொரு தரம் சொல்லச் சொன்னாள். சொன்னார்.