உள்துறைமுக வீதியில் கண்ட பிறை

நிலா இல்லாத நாளாக இருக்க வேண்டும் என்று தேதியைக் குறித்தவள் றிஷானாதான். கோள்களைப் பார்க்க அப்படிப்பட்ட நாளே நல்லது. அவள் குறித்த அந்த நாள், நோன்பு மாதத்துக்கு முந்திய மாதத்தின் இருபத்தொன்பதாம் நாளாக அமைந்துவிட்டது. நிலா இல்லை என்று அவள் நம்பிய அதே அந்தியில், மாவட்டத்தின் பாதிப் பேர் நோன்பைத் தொடங்கிவைக்கும் பிறை நிலாவைத் தேடி மேற்கே பார்த்துக்கொண்டிருப்பார்கள். கிண்ணியாவில் பிறந்து, அங்கேயே கணக்குப் படிப்பிக்கிற ஒருத்திக்கு இது நினைவில் வராமல் போனதுதான் ஆச்சரியம்.

திருகோணமலை வானியல் வட்டம் என்பது றிஷானாவையும் சேர்த்து ஏழெட்டுப் பேரும் ஒரு தொலைநோக்கியும். வட்டத்தின் செயலாளர் றொபேட் துறைமுகத்தில் கிளார்க்காக இருப்பவர். தொலைநோக்கியை அவர் உள்துறைமுக வீதியோரம் புல்லில் ஊன்றி, ஒலிபெருக்கியைக் கையில் எடுத்தார். தண்ணீருக்கு அப்பால் சீனன்குடாப் பக்கம் சூரியன் விழுந்துவிட்டிருந்தது. மேற்கே, அடிவானத்துக்கு வெகு மேலே, வெள்ளிக் கோள் தனியாக எரிந்தது.

"இண்டைக்குக் கோளெல்லாம் ஒரே வரிசையில நிக்குது. பார்க்கிறதுக்குக் காசில்லை. தள்ளுப்பட்டு விழுந்தால் அதுக்கும் காசில்லை," என்றார் றொபேட்.

சனம் சிரித்தது. ஐம்பது அறுபது பேர் இருப்பார்கள். கச்சான் கடலை வண்டிக்காரன் கூட வண்டியைத் தள்ளிவந்து வரிசையின் கடைசியில் நிறுத்தியிருந்தான்.

றிஷானாவின் மனம் வரிசையில் இல்லை. ஸஹாப்தீன் ஹாஜியார் வருவாரா என்று வீதியைப் பார்த்தபடி நின்றாள். கிண்ணியாவில் அவளுடைய பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் உள்ள மைதானம் பள்ளிவாசலுக்குச் சொந்தம். ஹாஜியார் அதன் நிர்வாக சபைத் தலைவர். பொழுதுபட்ட பிறகு நகரத்துக்கு வரமுடியாத அவளுடைய மாணவிகள், அந்த மைதானத்துக்கு என்றால் உம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்துவிடுவார்கள். வானம் காட்ட அதை ஓர் இரவுக்குத் தரச்சொல்லி அவரிடம் மூன்று தடவை கேட்டுவிட்டாள். கடைசியில் அவர், "முதல்ல நான் வந்து என்னண்டு பார்க்கிறன், மகள்," என்றிருந்தார். மறுப்பதற்காகச் சொன்னாரா, மெய்யாகவே சொன்னாரா என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை.

மெய்யாகவே சொல்லியிருக்கிறார். நகரத்துப் பள்ளிவாசலில் அந்தி நேர மஃரிப் தொழுகையை முடித்துவிட்டு, நோன்புக்கு வாங்கிய பேரீச்சம்பழப் பெட்டியைக் கையில் பிடித்தபடி வந்தார். கூட அவருடைய கடையில் நிற்கிற அப்ராஸ். வரிசை தானாக விலகி வழிவிட்டது. றொபேட் சந்தோஷத்தில் எதையும் விளக்கிச் சொல்லாமல், "வாங்கோ ஹாஜியார், இதில கண்ணை வையுங்கோ," என்றார்.

ஹாஜியார் தொப்பியைச் சரிசெய்து குனிந்தார். கொஞ்ச நேரம் அசையவில்லை.

"அல்ஹம்துலில்லாஹ்," என்றார். "பிறை!"

அவர் கண்டது நிலாவை அல்ல, வெள்ளியை என்று அருகில் நின்ற றிஷானாவுக்கு உடனே விளங்கிவிட்டது. அந்த நாட்களில் வெள்ளி பூமியை நெருங்கிக்கொண்டிருந்தது. கண்ணுக்குப் பொட்டாகத் தெரிந்தாலும் தொலைநோக்கியில் அது நகம் வெட்டிப்போட்டது போல, மெல்லிய, கூரிய பிறைதான். அதைக் காட்டி வியக்கவைக்க வேண்டும் என்றுதான் அவளே அதை முதலில் வைத்திருந்தாள்.

"தள்ளுங்க, நானும் பார்க்க," என்று அப்ராஸ் கண்ணை வைத்தான். "ஓம்! நானும் கண்டனான்!"

பெரிய மனிதர் ஒருவர், கூட இன்னொரு சாட்சி. பிறைக்கு அதற்குமேல் என்ன வேண்டும்? வரிசையில் பின்னால் நின்றவர்கள் வீட்டுக்குச் சொல்லத் தொடங்கினார்கள். ஹாஜியார் அதற்குள் கிண்ணியாவுக்குப் போன் எடுத்து, தானும் அப்ராஸும் கண்டதாகவும், பிறையை உறுதிசெய்கிற கொழும்புக் குழுவுக்கு அறிவிக்கச் சொல்லியும் கதைத்து முடித்திருந்தார்.

றொபேட் றிஷானாவை ஒருபுறமாக அழைத்தார். "மிஸ், வாயைத் திறக்காதேங்கோ. எங்கட சேர்ச்சில தவக்காலம் வாற கிழமைதான். இது உங்கட ஆக்கள்ற விசயம், கொழும்பில பார்த்துக்கொள்ளுவினம்."

"எங்கட ஆக்கள்ற விசயம் எண்டுதானே பேசவேண்டிக் கிடக்கு?"

"பேசினா மைதானம் கிடைக்காது."

அது அவளுக்கும் தெரியும். இத்தனை பேருக்கு முன்னால் ஹாஜியாரின் சாட்சியம் பொய் என்று சொன்ன பெண்ணுக்கு யார் இடம் தருவார்கள்? சொல்லாமல் விட்டால் இன்றிரவே ஊர் நோன்புக்குத் தயாராகும். கொழும்பு மறுக்கும். அவர் தலைகுனிய வேண்டிவரும். அதன் பிறகு இந்தத் தொலைநோக்கி கிண்ணியாப் பாலத்தைத் தாண்டாது. எந்தப் பக்கம் போனாலும் மைதானம் இல்லை என்று ஆனதும், அவளுடைய பயம் பாதியாகக் குறைந்தது.

"ஹாஜியார்," என்றாள். "குழாய் இல்லாம, வெறுங்கண்ணால அது எங்க நிக்கிதெண்டு ஒருக்காக் காட்டுவீங்களா? எல்லாரும் பார்க்கட்டும்."

"ஏன், காட்டுறன்." அவர் தொலைநோக்கியின் பின்னால் நின்று, அது நீட்டிய திசையில் கையை உயர்த்தினார். கை உயர்ந்துகொண்டே போனது. கூடவே முகமும் உயர்ந்தது. பேரீச்சம்பழப் பெட்டி மார்போடு சாய்ந்தது.

கை அந்தரத்தில் நின்றுவிட்டது. வாலிபத்திலிருந்து கடற்கரையில் நின்று தலைப்பிறை தேடியவர் அவர். தலைப்பிறை தண்ணீரை ஒட்டி நிற்கும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே கீழே போய்விடும். இந்த உயரத்தில் அதை யாரும் கண்டதில்லை. அவர் கை காட்டிய இடத்தில் இருந்தது, பிள்ளைகளும் பெயர் சொல்லக்கூடிய அந்த வெள்ளிதான்.

அவர் கையை இறக்கினார்.

"இல்லை ஹாஜியார், கண்ணால கண்டம்தானே? நான் சத்தியம் பண்ணுவன்," என்றான் அப்ராஸ்.

"நீ என்னத்தக் கண்டநீ? நான் கண்டதெண்டு சொன்னதைக் கண்டநீ. சும்மா இரு."

யாரோ சிரிப்பை அடக்கிக்கொண்டார். ஹாஜியார் போனை எடுத்தார். லைன் கிடைக்கவில்லை. திரும்பவும் அழுத்தினார். எல்லோரும் கேட்கிற மாதிரித்தான் கதைத்தார், ஒதுங்கிப் போகவில்லை.

"நான்தான். கொழும்புக்குச் சொல்லிட்டீங்களா? ... இல்லையா? நல்லது, சொல்லவேணாம். அது பிறையில்ல, வெள்ளி. ... ஓம், நான்தான் கண்டதெண்டு சொன்னனான். இப்ப நான்தான் இல்லையெண்டும் சொல்றன்."

போனைச் சட்டைப்பைக்குள் போட்டுவிட்டு றிஷானாவிடம் திரும்பினார். "வெள்ளி ஏன் மகள் அப்படி வளைஞ்சு கிடக்கு?"

"அதுக்கும் சொந்த வெளிச்சம் இல்ல, ஹாஜியார். நிலாவைப் போல சூரியன்ற வெளிச்சம்தான். தேயும், வளரும்."

"அப்ப அதுக்கும் தலைப்பிறை இருக்கெண்டு சொல்லு."

"இருக்கு. அதைப் பார்த்து நோன்பு பிடிக்க ஆளில்ல, அவ்வளவுதான்."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்தாள். ஹாஜியார் ஒரு கணம் அவளைப் பார்த்தார். பிறகு தோள் குலுங்கச் சிரித்தார். அதற்காகவே காத்திருந்தது போலச் சனமும் சிரித்தது. அவர் மறுபடி குனிந்து, இம்முறை இன்னும் அதிக நேரம், வெள்ளியைப் பார்த்தார்.

புறப்படும்போது சொன்னார்: "மைதானம் தாறன். பெருநாள் முடிஞ்ச பிறகு வை. ஆனா ஒண்டு. பிறை பார்க்கிற நாளில இந்தக் குழாய் பாலத்துக்கு அங்கால வரப்படாது. எந்த மாசமும் வரப்படாது."

மாதத்திலேயே மிக இருண்ட, மிக நல்ல இரவு அதுதான் என்று சொல்ல அவள் வாயெடுத்தாள். வருடத்துக்குப் பன்னிரண்டு இரவுகள் போயின. மாணவிகளை நினைத்தாள்.

"ஓம் ஹாஜியார்," என்றாள்.

அவர் பெட்டியை அப்ராஸிடம் கொடுத்துவிட்டு பஸ் நிலையத்தை நோக்கி நடந்தார். வரிசை மறுபடியும் ஒழுங்குக்கு வந்தது. றிஷானா தொலைநோக்கியை வெள்ளியிலிருந்து விலக்கி, உச்சியில் நின்ற வியாழனுக்குத் திருப்பத் தொடங்கினாள்.