அருவாள் தொடாத காத்தான்

மோகனூர் ரோட்டில் புளியமரத்தடியில் இளநீர்க் கடை போட்டிருந்த காத்தானைப் பார்த்தால் போகிற வருகிற லாரிக்காரர்களுக்கெல்லாம் சிரிப்பு. குலைகளைச் சுமந்து வருவான், கயிற்றில் கட்டித் தொங்கவிடுவான், ஸ்ட்ரா போட்டு நீட்டுவான். சீவுவது மட்டும் அவன் மனைவி பாவாயி. "பொம்பள வெட்டறா, ஆம்பள ஸ்ட்ரா போடறான்டா" என்பார்கள். "எங்கூட்டு வழக்கம் அதுங்க" என்று சொல்லிக்கொண்டே பாவாயி அடுத்த காயைச் சீவுவாள்.

கமலவேணிக்கு மட்டும் சிரிப்பு வந்ததில்லை. அவள் கொழுந்தன் மதனை வெட்டிக் கொன்றவன் இந்தக் காத்தான்.

மணல் லாரித் தகராறு. யாரோ ஏவிவிட, இவன் போய் வெட்டினான். அதற்கு முன்பே அடிதடியில் பேர் வாங்கினவன்தான். ஆயுள் தண்டனை கொடுத்தார்கள். ஜெயிலில் ஒழுங்காக இருந்தான் என்று முன்கூட்டியே விட்டும்விட்டார்கள். அவன் வெளியே வந்த நாளிலிருந்து கமலவேணியின் புருஷன் வேலுமணி, போலீஸ் ஏட்டு, சோற்றைப் பிசைந்துகொண்டே எங்கோ பார்க்க ஆரம்பித்தார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அவளைப் பைக்கில் ஏற்றிக்கொண்டு இந்த ரோட்டுக்கு வருவார். பெண்டாட்டியோடு போகிறவனை யார் சந்தேகப்படுவார்கள்? ஹெல்மெட்டைக் கழற்றாமல், காத்தானை நோட்டம் பார்த்தபடி எதிர்ப்பக்கம் நிற்பார். அவள் போய் இளநீர் வாங்கி வரவேண்டும். அதை அவர் ஒருநாளும் குடித்ததில்லை. வாய்க்கால் பாலம் தாண்டியதும் கீழே கொட்டிவிடுவார்.

மதன் அவளுக்குப் பிள்ளை மாதிரி. அவள் கல்யாணமாகி வந்தபோது அரைக்கால் சட்டை போட்டிருந்தான். அண்ணியை "நங்கையா, நங்கையா" என்று கூப்பிட்டுக்கொண்டு அடுப்படியிலேயே கிடப்பான். அவன் போன துக்கம் அவளுக்கும் ஆறவில்லை. ஆனால் அதை வைத்துக்கொண்டே அவளால் துணி துவைக்க முடிந்தது, காய் நறுக்க முடிந்தது. வேலுமணியால் வேறெதுவும் முடியவில்லை. டிவி போட்டால் ஆகாது. தீபாவளி நோம்பிக்குப் பலகாரம் சுட்டால், "செத்தவனை மறந்தாச்சாட்டம் இருக்குது" என்பார். அம்மா வீட்டுக்குப் போகிறேன் என்றால், "ஞாயித்துக்கெழமைக்கு யாரு?" என்பார். அவளும் கேட்பதை விட்டுவிட்டாள்.

அந்த ஞாயிறு பாவாயி கடையில் இல்லை. தங்கை பிரசவத்துக்கு ராசிபுரம் போயிருந்தாள். வேலுமணிக்கு அது எப்படியோ தெரிந்திருந்தது. கடை கண்ணில் படாத வளைவில் வண்டியை நிறுத்தினார்.

"பாலத்துக்கு அடியில ஒருத்தனை வெட்டிப் போட்டிருந்தானுங்கல்ல, அந்தக் கேசுல இன்னும் ஆள் சிக்கல. இவன் கைரேகை பட்ட அருவா ஒண்ணு போதும், மிச்சத்தை நான் பாத்துக்கறேன். அவனையே சீவச் சொல்லு. அவன் அந்தப் பக்கம் திரும்பறப்ப அருவாளைத் துணியில சுத்திப் பையில போட்டுட்டு வந்துரு. பாவாயி ரேகை இருந்தா இருக்கட்டும், கடை அருவாதான. உன்னுது படக்கூடாது, புடியைத் தொட்டுராத."

"ஏனுங்க, அந்தக் கொலையை இவன் பண்ணலீங்களே."

"மதனைப் பண்ணுனான்ல."

அவள் நடந்தாள். வெயில் தார் ரோட்டில் நெளிந்தது.

"பாவாயி ஊர்ல இல்லீங்க அம்மிணி," என்று காத்தான் எழுந்து நின்றான். "எளநி இல்லீங்க."

"இத்தனை குலை தொங்குது?"

"சீவ ஆளில்லீங்க. நான் அருவா தொடறதில்லீங்க. பானைத் தண்ணி தரட்டுங்களா?"

நயமாகக் கேட்கவேண்டும் என்றுதான் வந்தாள். வாயில் வந்தது வேறு.

"மனுசன வெட்டத் தெரிஞ்ச உனக்கு எளநி சீவத் தெரியாதா?"

காத்தானுக்குக் கோபம் வரவில்லை. அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டான்.

"மதனோட அண்ணன் சம்சாரம்தானுங்க நீங்க. மொத ஞாயித்துக்கெழமையே தெரியும். கோர்ட்டுல பாத்திருக்கறேன்."

"தெரிஞ்சுட்டேவா எளநி குடுத்துட்டிருந்த?"

"எங்கிட்ட வேறென்னங்க இருக்குது குடுக்கறதுக்கு?" கீழே கிடந்த ஸ்ட்ரா ஒன்றைப் பொறுக்கினான். "அன்னைக்கு வெட்டுப்பட்டுக் கெடந்தப்ப மதன் தண்ணி கேட்டாருங்க. பக்கத்துலயே கெணத்து மோட்டார் ஓடிட்டிருந்துது. நான் குடுக்கல. வேணும்னேதான் குடுக்கல. கோர்ட்டுல யாரும் இதைக் கேக்கல, நானும் சொல்லல."

இது அவளுக்குத் தெரியாது. மதன் உடனே போய்விட்டான் என்றுதான் எல்லோரும் சொல்லியிருந்தார்கள். சீவிப் போட்ட மட்டைகள் மேலேயே உட்கார்ந்தாள். நாக்கு ஒட்டிக்கொண்டது. "தண்ணி" என்று சொல்ல நினைத்தாள், அந்தச் சொல் வரவில்லை.

காத்தான் அவள் முகத்தைப் பார்த்தான். எதிர்ப்பக்கம் வழக்கமாக நிற்கும் ஹெல்மெட்காரர் இல்லை; ரோடு வளைகிற பக்கமும் ஒருமுறை பார்த்தான். பிறகு கட்டையில் கொத்தி நின்ற அருவாளை உருவினான். பாவாயி ஒரே மூச்சில் சீவுவதை அவன் கொத்திக் கொத்தித் திறந்தான்.

"குடிங்க."

அருவாளை அவள் காலடியில், பிடி அவள் பக்கமாக வைத்தான். முதுகைக் காட்டிக்கொண்டு குலைகளைக் கட்டினான். கட்டியிருந்ததையே அவிழ்த்து மறுபடி கட்டினான்.

அவள் குடித்து முடித்தாள். பையிலிருந்து துணியை எடுத்தாள். மதன் கேட்டும் கிடைக்காத தண்ணீர் நெஞ்சுக்குள் எரிந்தது. எடுத்துக்கொண்டு போய்விடலாம். இவன் ஒழிவான். அப்புறமாவது அந்த மனுஷன் சோற்றைப் பார்த்துச் சாப்பிடுவாரா? எவ்வளவு யோசித்தும் அப்படி ஒரு நாள் அவள் கண்ணுக்கு வரவில்லை.

துணியைப் பையில் திணித்தாள். வெறுங்கையால் அருவாளைப் பிடித்து, இன்னொரு காயை எடுத்து ஓங்கிப் போட்டாள். வழுக்கியது.

"சாச்சுப் புடிங்க அம்மிணி, கை போயிரும்."

"நீ எனக்குச் சொல்லித் தராத. உன்னைய நான் மன்னிக்கல. ஆயுசுக்கும் மாட்டேன்."

"செரிங்க," என்றான்.

பாதி சிந்திய இளநீரோடு வளைவுக்கு வந்தாள்.

"அருவா எங்க?"

"அங்கயே இருக்குதுங்க. இது நான் சீவுனது. அவன் கை பட்ட புடியில என் கையும் பட்டிருக்குது. எடுத்தீங்கன்னா ரெண்டு பேரு ரேகையும்தான் வரும்."

அறை விழும் என்று கண்ணை மூடினாள். விழவில்லை. இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றச் சொல்கிற அதே குரலில் வேலுமணி சொன்னார்:

"அப்ப கேசுல உம் பேரையும் சேத்துக்க வேண்டியதுதான்."

வண்டியை உதைத்தார். "ஏறு."

ரோட்டின் இரண்டு பக்கமும் ஆள் உயரக் கரும்பு. பஸ் எதுவும் வருகிற சத்தமில்லை. அவள் ஏறி உட்கார்ந்தாள்.